பொதுப் பள்ளியின் கதை – 12: சாட்சிகள் பேசிய நாள்

சென்ற வாரம் ஓஹையோ மாநிலத்தின் ஹாமில்டன் நகரில் நிறுத்தினோம். 2002 ஜனவரி 8. ஓர் உயர்நிலைப் பள்ளியில் வைத்து, அதிபர் ஜார்ஜ் புஷ் தன் ஆட்சியின் மிகப் பெரிய கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்று அதற்குப் பெயர். குடியரசுக் கட்சி அதிபர் கையெழுத்திட, எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் மூத்த தலைவர் டெட் கென்னடி பக்கத்தில் நின்றார். இரு கட்சிகளும் கைகோத்துக்கொண்ட அபூர்வமான நாள் அது.

சட்டம் தந்த வாக்குறுதி இதுதான்: 2014-க்குள் அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் படிக்கும் அத்தனை குழந்தைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். நூற்றுக்கு நூறு. ஒரு குழந்தைகூட விடுபடக் கூடாது.

இந்த வாக்குறுதி பலிக்கிறதா என்று கணக்குப் பார்த்தவர் யார் என்ற கேள்வியோடு முடித்திருந்தோம். முதல் நாளிலிருந்தே எதிர்த்தவர்கள் இருந்தார்கள். எதிர்ப்பதே இவர்கள் வேலை என்று அவர்களை ஒதுக்கிவிட்டது அரசு. ஆகவே, இந்த வாரம் நாம் பின்தொடரப்போவது சட்டத்தை மனதார ஆதரித்த ஒருவரை.

* * *

வாஷிங்டன், 2006 நவம்பர் 30

அமெரிக்கன் என்டர்பிரைஸ் இன்ஸ்டிடியூட். பழமைவாதக் கொள்கையாளர்களிடையே பெரும் மதிப்புள்ள ஆய்வு நிறுவனம். அன்று அங்கே ஒரு கருத்தரங்கு. சட்டம் வந்து ஐந்து ஆண்டுகள் ஆகப்போகின்றன. பின்தங்கும் பள்ளிகளுக்கு அது எழுதிக்கொடுத்த மருந்துகள் வேலை செய்கின்றனவா? இதுதான் அன்றைய பேச்சு.

பத்துப் பன்னிரண்டு ஆய்வாளர்கள் கட்டுரைகளோடு வந்திருந்தார்கள். ஏற்பாட்டாளர்களில் ஒருவர் செஸ்டர் ஃபின். அவருடைய நெடுநாள் தோழி ஒருவர் அன்று வந்து அமர்ந்திருந்தார். இருவரும் சேர்ந்து நூல் எழுதியவர்கள். ஒரே கொள்கைக்காக ஒரே மேடைகளில் வாதாடியவர்கள்.

அவர்தான் டயான் ராவிட்ச். அப்போது வயது 68. அமெரிக்கப் பொதுக் கல்வியின் வரலாற்றை எழுதியவர்களில் முன்வரிசையில் வைக்கப்பட்டவர்.

எதிரணி கூட்டிய கூட்டமாக இருந்திருந்தால் அங்கே கேட்டதை அவர் சந்தேகத்தோடு எடைபோட்டிருக்கலாம். இது சொந்த அணியின் கூட்டம். வந்து விழுந்த கணக்குகள் நண்பர்களின் கணக்குகள். மறுக்க வேண்டுமென்றால் தன் நண்பர்களின் உழைப்பைத்தான் மறுக்க வேண்டும்.

மாலைக்குள் அவருடைய நம்பிக்கை ஒன்று உடைந்தது. பின்னாளில் நாளையும் மாதத்தையும் குறிப்பிட்டே அதை எழுதினார்.

அன்று அவர் என்ன கேட்டார்? அதற்குமுன், கேட்டவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஒரு நாளின் கனம் அப்போதுதான் புரியும்.

* * *

ராட்லிஃப் டீச்சரின் சிவப்புப் பேனா

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன். 1938 ஜூலை 1-ல் பிறந்தார் டயான். எட்டுக் குழந்தைகளில் மூன்றாமவர். தொடக்கப் பள்ளியிலிருந்து உயர்நிலைப் பள்ளி வரை படித்ததெல்லாம் அரசு நடத்திய பொதுப் பள்ளிகளில்.

அந்தப் பள்ளிகளுக்கு ஒரு களங்கம் இருந்தது. அவை வெள்ளையர்களுக்கு மட்டும். கறுப்பினக் குழந்தைகளுக்குத் தனிப் பள்ளிகள். இந்தப் பாகுபாடு செல்லாது என்று 1954-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கதையை இந்தத் தொடரில் முன்பே பார்த்தோம். அந்தத் தீர்ப்பு வந்தபோது டயான் ஹூஸ்டனில் மாணவி. 1956-ல் அவர் படிப்பை முடித்து வெளியேறும்போதும் ஹூஸ்டன் பள்ளிகள் மாறியிருக்கவில்லை. பொதுப் பள்ளியின் பெருமையையும் சிறுமையையும் ஒரே வகுப்பறையில் பார்த்து வளர்ந்தவர் அவர்.

சான் ஜசின்டோ உயர்நிலைப் பள்ளியில் அவருக்கு ஆங்கிலம் நடத்தியவர் ரூபி ராட்லிஃப். ஷேக்ஸ்பியர், மில்டன், கீட்ஸ், ஷெல்லி என்று பெருங்கவிகளை வகுப்புக்குள் அழைத்து வந்த ஆசிரியை. கட்டுரையில் ஓர் இலக்கணப் பிழை இருந்தாலும் அவருடைய சிவப்புப் பேனா விடாது. மாணவர்கள் எளிதில் திருப்திப்படுத்த முடியாத ஆசிரியை. ஆனாலும், அல்லது அதனாலேயே, நேசிக்கப்பட்டவர்.

பள்ளி இறுதியாண்டில் விடைபெறும் மாணவர்களுக்கு அவர் ஒரு பரிசு தருவார். ஒவ்வொருவருக்கும் ஓரிரு கவிதை வரிகள். ஆளைப் பார்த்து, அவருக்குப் பொருந்தும் வரிகளைத் தேர்ந்தெடுத்துத் தருவார். டயானுக்கு டென்னிசனின் 'யுலிசிஸ்' கவிதையிலிருந்து ஒரு வரியும், பைரனின் 'சைல்ட் ஹெரால்டு' காவியத்திலிருந்து ஒரு வரியும் கிடைத்தன. முன்னது விட்டுக்கொடுக்காத தேடலைச் சொல்வது. பின்னது கூட்டத்துக்குள் இருந்தும் கூட்டத்தோடு கரையாத ஒருவனைச் சொல்வது.

ஒரு பதின்வயதுப் பெண்ணைப் பார்த்து இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்க, அந்த ஆசிரியை அவரை எவ்வளவு கூர்ந்து கவனித்திருக்க வேண்டும்!

* * *

நியூயார்க் இரண்டுபட்டபோது

வெல்லெஸ்லி கல்லூரியில் பட்டம், 1960-ல் திருமணம், நியூயார்க்கில் குடித்தனம், சிறு பத்திரிகை ஒன்றில் உதவியாசிரியர் வேலை, குழந்தைகள். கல்வி ஆராய்ச்சிக்கும் அவருக்கும் அதுவரை தொடர்பில்லை.

தொடர்பை உண்டாக்கியது ஒரு போராட்டம்.

1968. நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில். கறுப்பின மக்கள் நிறைந்த ஏழைப் பகுதி. தங்கள் பிள்ளைகளின் பள்ளியைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள். சோதனை முறையில் ஓர் உள்ளூர் வாரியம் அமைந்தது. மே மாதத்தில் அந்த வாரியம் 13 ஆசிரியர்களையும் 6 நிர்வாகிகளையும் வெளியேறச் சொல்லிக் கடிதம் கொடுத்தது. ஆல்பர்ட் ஷாங்கர் தலைமையிலான ஆசிரியர் சங்கம் கொதித்தது. செப்டம்பர் முதல் நவம்பர் வரை மூன்று வேலைநிறுத்தங்கள். 36 பள்ளி நாட்கள் பறிபோயின. சுமார் பத்து லட்சம் குழந்தைகள் படித்த நகரம் அது. கறுப்பினப் பெற்றோர் ஒரு பக்கம், பெரும்பாலும் யூதர்களான ஆசிரியர்கள் மறுபக்கம். அந்தக் காயம் ஆற நெடுங்காலம் பிடித்தது.

கார்னெகி அறக்கட்டளைக்காக இந்தப் பிரச்சினையைப் பற்றி எழுத வந்த ராவிட்ச், ஒரு எளிய கேள்வி கேட்டார். இதற்கு முன் இந்த நகரில் பள்ளிகளை யார் நடத்தினார்கள்? மையத்தில் குவிந்த அதிகாரத்தைப் பகுதிவாரியாகப் பிரித்துக் கொடு என்கிறார்களே, முதலில் அது எப்படி மையத்தில் குவிந்தது?

பதில் சொல்ல ஆளில்லை. நகரப் பள்ளிகளின் வரலாற்றைப் பல பத்தாண்டுகளாக யாரும் எழுதியிருக்கவில்லை. அவரே ஆவணங்களுக்குள் இறங்கினார். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. 1840-களில் ஐரிஷ் கத்தோலிக்கர்களுக்காக ஆயர் ஜான் ஹியூஸ் நடத்திய சண்டை. அதன் விளைவாக 1842-ல் வட்டாரவாரியாகப் பிரிக்கப்பட்ட நிர்வாகம். 1896-ல், சீர்திருத்தம் என்ற பெயரிலேயே, அந்த வட்டார அதிகாரம் பறிக்கப்பட்டது. ஒரு தலைமுறை பிரித்ததை மறு தலைமுறை சேர்த்திருக்கிறது. அடுத்தது மீண்டும் பிரிக்கக் கேட்கிறது. ஒவ்வொரு முறையும், இதோ எல்லாம் சரியாகப் போகிறது என்ற அதே நம்பிக்கை.

இந்த ஆய்வு 1974-ல் 'மாபெரும் பள்ளிப் போர்கள்' என்ற நூலாக வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், அமெரிக்கக் கல்வி வரலாற்றின் பேராசான் லாரன்ஸ் கிரெமின் அவருக்கு வழிகாட்டினார். 1975-ல் முனைவர் பட்டம்.

அந்த நூலில் ராவிட்ச் கற்ற பாடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரே அடியில் எல்லாவற்றையும் மாற்றுகிறேன் என்று வருகிற சீர்திருத்தத்தைச் சந்தேகி. பின்னாளில் அவரே இந்தப் பாடத்தைத் தவறவிட்டார். எப்படி என்று பார்ப்போம்.

* * *

அதிகாரத்துக்கு உள்ளே

1991. மூத்த புஷ்ஷின் ஆட்சி. கல்வித் துறைச் செயலாளர் லாமார் அலெக்சாண்டர் அழைக்க, ஆராய்ச்சிக்கான உதவிச் செயலாளராக ராவிட்ச் பொறுப்பேற்றார். 1993 ஜனவரி வரை அந்தப் பதவியில் இருந்தார்.

அவர் மனதில் ஒரு கனவு இருந்தது. அமெரிக்காவில் தேசியப் பாடத்திட்டம் கிடையாது. ஒரு மாநிலத்தில் குழந்தை வரலாறு படிக்கும், இன்னொன்றில் படிக்காது. ஏழைப் பகுதிப் பள்ளி என்றால் கேட்கவே வேண்டாம். அங்கே எதிர்பார்ப்பே குறைவு. எல்லாக் குழந்தைகளும் எதையெல்லாம் கற்க வேண்டும் என்று நாடு சேர்ந்து முடிவுசெய்யட்டும். வரலாறு, அறிவியல், இலக்கியம், கலை எல்லாம் அதில் இருக்கட்டும் என்றார் அவர். தனக்கு ஹூஸ்டனில் கிடைத்த செழிப்பான பாடம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்ற ஆசை அது.

ஒவ்வொரு பாடத்துக்கும் அறிஞர் குழுக்கள் அமர்த்தப்பட்டன. வரலாற்றுப் பாடம் தயாரானது. வந்தது வினை.

1994 அக்டோபர். அறிக்கை வெளியாகும் முன்பே, லின் சேனி அதைத் தாக்கி வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் எழுதினார். அந்தப் பணிக்கு நிதி கொடுத்த அமைப்பின் தலைவராக முன்பு இருந்தவரே அவர்தான். நாட்டின் பெருமைகளை மறைத்துக் குறைகளை மட்டும் அடுக்குகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வானொலியும் நாளிதழ்களும் பற்றிக்கொண்டன. 1995 ஜனவரியில் அமெரிக்க மேலவை அந்தப் பாடத்திட்டத்தைக் கண்டித்து வாக்களித்தது. ஆதரவாக 99, எதிராக 1.

அந்த வாக்கெடுப்பு ஒரு திருப்புமுனை. எந்த அரசியல்வாதியும் அதன்பின் பாடத்தின் உள்ளடக்கத்தைத் தொடத் துணியவில்லை. எதைக் கற்பிப்பது என்று பேசினால் சண்டை. கற்றதை அளப்போம் என்றால் யாருக்கும் கோபமில்லை. உள்ளடக்கம் கழன்று விழுந்தது. மிஞ்சியது தேர்வு மட்டும்.

இந்த ஓட்டத்தில் ராவிட்சும் சேர்ந்தே நகர்ந்தார். ஸ்டான்ஃபோர்டின் ஹூவர் நிறுவனக் குழுவில் உறுப்பினர். செஸ்டர் ஃபின் நடத்திய ஃபோர்டாம் அறக்கட்டளையின் நிர்வாகத்தில் ஓர் இடம். தேசிய அளவில் மாணவர் திறனை மதிப்பிடும் வாரியத்தில், கிளின்டன் நியமித்து, 1997 முதல் 2004 வரை பணி. அரசுப் பணத்தில் தனியார் அமைப்புகள் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளை ஆதரித்தார். பள்ளிகளிடையே போட்டி வந்தால் தரம் உயரும் என்று நம்பினார். 2002-ல் புதிய சட்டம் வந்தபோது வரவேற்றார்.

* * *

சட்டம் வைத்த கெடு

சட்டத்தின் பொறிமுறையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை. முடிவுகளை இனவாரியாக, வறுமைவாரியாக, ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர், மாற்றுத்திறனாளி என்று பிரித்து வெளியிட வேண்டும். அதுவரை பள்ளிச் சராசரிக்குப் பின்னால் மறைந்து கிடந்த ஏழைக் குழந்தைகளின் நிலை வெளிச்சத்துக்கு வந்தது. சட்டத்தால் விளைந்த நன்மை இது. அதை மறுக்கக் கூடாது.

சிக்கல் அடுத்த படியில். ஒவ்வோர் ஆண்டும் தேர்ச்சி விழுக்காடு ஏறிக்கொண்டே போக வேண்டும். இந்தப் பிரிவுகளில் ஏதாவது ஒன்று இலக்கைத் தவறவிட்டாலும் பள்ளி முழுவதும் தவறியதாகக் கணக்கு. தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தவறினால், மாணவர்கள் வேறு பள்ளிக்கு மாறிக்கொள்ள உரிமை. மேலும் தவறினால், ஏழை மாணவர்களுக்கு அரசுச் செலவில் டியூஷன். அப்படியும் தேறாவிட்டால் பள்ளியை உடைத்து மறுகட்டமைப்பு: ஆசிரியர்களை மாற்றலாம், சார்ட்டர் பள்ளியாக்கலாம், தனியார் நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம்.

தேர்ச்சி என்றால் எவ்வளவு மதிப்பெண்? அதை மட்டும் அந்தந்த மாநிலமே தீர்மானிக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். கெடு நெருங்க நெருங்க என்ன நடந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. 2005-ல் மிசிசிப்பி மாநிலம் தன் நான்காம் வகுப்புக் குழந்தைகளில் 89 சதவீதம் பேர் வாசிப்பில் தேர்ச்சி என்று அறிவித்தது. அதே ஆண்டு தேசிய மதிப்பீட்டின்படி அங்கே தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 18 சதவீதம்.

தேர்வு இல்லாத பாடங்களுக்கு நேர்ந்ததும் சோகம்தான். 2007-ல் வெளியான ஆய்வொன்றின்படி, நாட்டின் 62 சதவீதக் கல்வி மாவட்டங்கள் தொடக்கப் பள்ளிகளில் வாசிப்புக்கும் கணக்குக்கும் நேரத்தைக் கூட்டியிருந்தன. 44 சதவீத மாவட்டங்கள் அந்த நேரத்தை அறிவியல், சமூக அறிவியல், கலை, இசை, விளையாட்டு ஆகியவற்றிலிருந்து எடுத்திருந்தன. சில இடங்களில் மதிய உணவு இடைவேளைகூடச் சுருங்கியது.

வரலாறு எல்லாக் குழந்தைக்கும் வேண்டும் என்று கேட்டவர் ராவிட்ச். அவர் ஆதரித்த சட்டமே வரலாற்றை வகுப்பறையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

* * *

மீண்டும் நவம்பர் 30

இப்போது அந்தக் கருத்தரங்குக்குத் திரும்புவோம். சாட்சிகள் ஒவ்வொருவராக எழுகிறார்கள்.

முதல் மருந்து, பள்ளி மாறும் உரிமை. கலிஃபோர்னியாவில் தகுதியுள்ள மாணவர்களில் அதைப் பயன்படுத்தியவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கொலராடோவில் இரண்டு சதவீதம்கூட இல்லை. மயாமியில் அரை சதவீதத்துக்கும் கீழே. நியூஜெர்சியில் ஏறக்குறைய எவருமே மாறவில்லை.

ஏன்? ஆய்வாளர்கள் காரணங்களை அடுக்கினார்கள். மாறிப் போக நல்ல பள்ளிகளில் இடமில்லை. ஆங்கிலம் சரிவரத் தெரியாத பெற்றோருக்கு வந்த கடிதம் புரியவில்லை. தூரத்துப் பள்ளிக்குப் பேருந்தில் பிள்ளையை அனுப்ப மனமில்லை. இவற்றோடு இன்னொரு காரணமும் இருந்தது. பலருக்குத் தங்கள் பகுதிப் பள்ளியை விட்டுப் போகவே விருப்பமில்லை. அரசு அதற்கு 'தோற்ற பள்ளி' என்று முத்திரை குத்திய பிறகும்!

இரண்டாவது மருந்து, இலவச டியூஷன். கலிஃபோர்னியாவில் எடுத்துக்கொண்டவர்கள் 7 சதவீதம். நியூஜெர்சியில் 20 சதவீதம். வீடு தேடி வந்த இலவச உதவியை ஐந்தில் நான்கு பேர் அங்கே வேண்டாம் என்றார்கள், அல்லது அவர்களுக்கு அது எட்டவில்லை.

சந்தைக் கோட்பாட்டின்படி பார்த்தால், தரம் குறைந்த கடையை விட்டு வாடிக்கையாளர் ஓடியிருக்க வேண்டும். பெற்றோர் ஓடவில்லை. அண்ணனும் அக்காவும் படித்த பள்ளி. டீச்சருக்கு வீட்டார் பெயரெல்லாம் தெரியும். மாலையில் நடந்தே வீட்டுக்கு வந்துவிடலாம். இந்த உறவு அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. அவர்கள் கேட்டது தப்பிக்க ஒரு வாசலை அல்ல. அந்தப் பள்ளியே நன்றாக வேண்டும் என்பதை.

எல்லாவற்றையும் ராவிட்ச் கேட்டுக்கொண்டிருந்தார். ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு ஓர் எளிய கேள்வியோடு ஆவணங்களுக்குள் இறங்கியவர்தான் அவர். ஆவணம் என்ன சொல்கிறதோ அதுவே முடிவு என்பதுதான் அவர் கற்ற தொழில். இந்த முறை ஆவணம் சொன்னது அவருக்கு எதிராக.

அன்று மாலை அவர் வந்தடைந்த முடிவு சுருக்கமானது. சட்டம் தோற்றுவிட்டது. அதன் மருந்துகள் பலிக்கவில்லை.

* * *

திரும்பி நடந்த பாதை

ஒரே நாளில் ஒருவர் தலைகீழாக மாறிவிடுவதில்லை. அன்று விழுந்தது விரிசல். அது அகல மூன்று ஆண்டுகள் ஆயின.

2007 பிப்ரவரியில், டெபோரா மையரோடு ராவிட்ச் பொதுவெளியில் கடிதப் போக்குவரத்தைத் தொடங்கினார். மையர் 1974-ல் கிழக்கு ஹார்லெமில் ஏழைக் குழந்தைகளுக்காகப் புதுமையான பொதுப் பள்ளியை உருவாக்கியவர். கல்விக் கொள்கையில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். தேர்வு, பாடத்திட்டம், ஆசிரியர் சுதந்திரம் என்று வாரந்தோறும் வாதாடினார்கள். கருத்து மாறிக்கொண்டிருக்கும் ஒருவர், அந்த மாற்றத்தை எல்லோரும் பார்க்கும்படி நடத்திக்காட்டினார். எத்தனை அறிஞர்களுக்கு இந்தத் துணிச்சல் வரும்?

2007 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை. நாடாளுமன்றம் வகுப்பறையை விட்டு வெளியே போகட்டும் என்பது அதன் சாரம். 2009-ல் ஃபோர்டாம் நிர்வாகத்திலிருந்தும் ஹூவர் குழுவிலிருந்தும் விலகினார். பழைய நட்புகள் சில அதோடு முறிந்தன.

அதே 2009-ல் சார்ட்டர் பள்ளிகளைப் பற்றி ஸ்டான்ஃபோர்டு ஆய்வு மையம் ஒன்றின் அறிக்கை வந்தது. ஒப்பிடத்தக்க பொதுப் பள்ளிகளைவிடக் கணக்கில் மேலாக இருந்தவை 17 சதவீதம். மோசமாக இருந்தவை 37 சதவீதம். மீதி 46 சதவீதத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. போட்டி எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இது அடுத்த அடி.

இங்கே ஓர் உபகதை. சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை 1988-ல் நாடு முழுக்க எடுத்துச் சென்றவர் வேறு யாருமில்லை. 1968-ல் வேலைநிறுத்தம் நடத்திய அதே ஆல்பர்ட் ஷாங்கர். படிப்பில் ஒட்டாத பிள்ளைகளுக்காக ஆசிரியர்களே சேர்ந்து சிறு சோதனைப் பள்ளிகள் நடத்தட்டும், அங்கே கற்றதை மற்றப் பள்ளிகளுக்குக் கொடுக்கட்டும் என்றார் அவர். லாப நோக்கமுள்ள நிறுவனங்கள் நுழைவதைக் கண்டதும் 1993-ல் அவரே அதற்கு எதிராகத் திரும்பினார். நல்ல எண்ணத்தில் பிறந்த யோசனை கைமாறும்போது வேறொன்றாகிவிடும் என்பதற்கு, ராவிட்சின் கண்முன்னே ஏற்கெனவே ஒரு சாட்சி இருந்திருக்கிறார்.

இவற்றையெல்லாம் சேர்த்து ராவிட்ச் ஒரு நூல் எழுதினார். 'மாபெரும் அமெரிக்கப் பள்ளி அமைப்பின் மரணமும் வாழ்வும்.' அதில் ஓர் அத்தியாயம் ராட்லிஃப் டீச்சரிலிருந்து தொடங்குகிறது. இன்றைய முறையில் அந்த ஆசிரியையை எப்படி மதிப்பிடுவார்கள் என்று கேட்டார் ராவிட்ச். கவிதையை நேசிக்கக் கற்றுக்கொடுத்ததை எந்தக் கொள்குறி வினா அளக்கும்? ஒவ்வொரு மாணவருக்கும் பொருந்தும் வரியைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததற்கு எந்தப் பட்டியலில் மதிப்பெண்?

அவர் மீது விமர்சனங்கள் உண்டு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஒரேயடியாகத் தாவிவிட்டார் என்றார்கள் சிலர். எது பலிக்காது என்று சொல்கிறாரே, எது பலிக்கும் என்று சொல்லவில்லையே என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருந்தது.

ஆனால், இந்தத் தொடருக்காக நான் படித்த கல்விச் சிந்தனையாளர்களில் என் மதிப்பில் மிக உயர்ந்து நிற்பவர் ராவிட்ச்தான். சரியான கட்சிக்கு மாறிவிட்டார் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. பதவி, நட்பு, பெயர் மூன்றும் ஒரு கருத்தின் மேல் கட்டப்பட்டிருந்த வயதில், அந்தக் கருத்தையே சாட்சிக்கூண்டில் ஏற்றினார். வரலாற்றாசிரியர் மற்றவர்களிடம் கேட்கும் கேள்விகளைத் தன்னிடமும் கேட்டார். கோடிக்கணக்கான குழந்தைகளின் வாழ்க்கையைத் தொடும் துறையில் இருப்பவர்களுக்கு இந்த நேர்மை கட்டாயத் தகுதியாக இருக்க வேண்டும். அது எவ்வளவு அரிது என்பதால்தான் அவர் இவ்வளவு உயரமாகத் தெரிகிறார்.

* * *

ஒரே வாரம், இரண்டு குரல்கள்

நூல் அச்சில் இருந்தபோது நாட்டில் காற்று மாறியிருக்க வேண்டும். 2008 தேர்தலில் பராக் ஒபாமா வென்றிருந்தார். புஷ் காலத்துத் தண்டனைமுறை போய்விடும் என்று ஆசிரியர்கள் காத்திருந்தார்கள்.

நடந்தது வேறு. 2009-ல் புதிய அரசு மாநிலங்களுக்கு ஒரு போட்டி வைத்தது. பரிசுத் தொகை 435 கோடி டாலர். கஜானா காலியாகிக் கிடந்த நேரம். மாணவர் மதிப்பெண்ணை வைத்து ஆசிரியரை மதிப்பிடத் தடையாக உள்ள சட்டங்களை நீக்குங்கள், சார்ட்டர் பள்ளிகளுக்குக் கதவைத் திறங்கள். பணம் கிடைக்க வாய்ப்பு கூடும். முதல் சுற்றிலேயே 40 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் விண்ணப்பித்தன. இதுவரை பள்ளியின் தலைமேல் தொங்கிய கத்தி, இனி தனித்தனி ஆசிரியரின் தலைமேல்.

2010 பிப்ரவரி 23. ரோட் ஐலண்ட் மாநிலத்தின் மிகச் சிறிய, மிக ஏழ்மையான நகரம் சென்ட்ரல் ஃபால்ஸ். குடியேறிகளின் ஊர், பல வீடுகளில் ஸ்பானிஷ் பேச்சு. ஊருக்கு ஒரே ஓர் உயர்நிலைப் பள்ளி. பதினோராம் வகுப்பில் கணக்குத் தேர்ச்சி 7 சதவீதம். அன்று மாலை கல்வி வாரியம் கூடியது. பள்ளியின் ஆசிரியர்களும் ஊழியர்களுமாக 93 பேரை ஒட்டுமொத்தமாக வேலையிலிருந்து நீக்க 5-க்கு 2 என்ற கணக்கில் வாக்களித்தது. நல்லாசிரியர் யார், சுமாரானவர் யார் என்ற பேச்சே இல்லை. அத்தனை பேரும்.

மார்ச் 1. அதிபர் ஒபாமா ஒரு கூட்டத்தில் சென்ட்ரல் ஃபால்ஸைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். ஒரு பள்ளி முன்னேற்றத்தின் அறிகுறியே காட்டவில்லை என்றால் யாராவது பொறுப்பேற்கத்தானே வேண்டும் என்ற தொனியில், அந்த முடிவை நியாயப்படுத்தினார்.

அதே மார்ச் மாதத் தொடக்கத்தில்தான் ராவிட்சின் நூல் கடைகளுக்கு வந்தது. ஒரு பக்கம் நாட்டின் அதிபர், அவருக்குப் பின்னால் 435 கோடி டாலர். மறுபக்கம் 71 வயது வரலாற்றாசிரியர், கையில் ஒரு புத்தகம். குடியரசுக் கட்சி நண்பர்களை ஏற்கெனவே இழந்துவிட்டார். ஜனநாயகக் கட்சி அரசும் இப்போது எதிரே நிற்கிறது.

அவர் பக்கம் நிற்கப்போவது யார்? அவரைச் சந்தேகத்தோடு பார்த்த ஆசிரியர்கள் அவரை நம்புவார்களா? சென்ட்ரல் ஃபால்ஸின் 93 பேருக்கு என்ன ஆயிற்று?

(அடுத்த வாரம்)